ஏற்காட்டு ஏரிக்கு இருவர் செல்லும் மார்க்கம்

மலைவாசஸ்தலம் என்றதும் புதிதாக மணமுடித்த தம்பதிகளின் மனம் உதகையையோ கொடைக்கானலையோ நாடுவது சகஜமே. ஆயினும், ஏரிக்கரையை உத்தேசித்து இருவர் மட்டும் வண்டியோட்டிச் சாவகாசமாகச் சென்று வருவதற்குச் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையைப் போல் உகந்த ஸ்தலம் தமிழ்நாட்டில் வேறொன்று இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஏற்காட்டு ஏரி சிறியதுதான். ஆனால் ஒரு வழியாக ஏறி, மலையை வலம் வந்து, போன வழியே திரும்பாமல் வேறொரு வழியாக இறங்கும் சௌகரியம் இங்கே ஒரே பகலில் கிட்டுகிறது.

ஏறுவதற்குச் சேலத்திலிருந்து செல்லும் பிரதான சாலையே உத்தமம். சுமார் 30 கிலோமீட்டர் தூரம். கொண்டை ஊசி வளைவுகள் 20. பொழுது புலரும்போது அடிவாரத்தைக் கடந்துவிட்டால், வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்து வருவதை உடம்பே உணரும். கீழே வெள்ளைக்கல் வெட்டியெடுத்த குன்றுகள் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்துத் தெரியும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் தர்மம். அதை அறியாதவர் இந்தச் சாலைக்கு வராதிருப்பதே நலம்.

ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியை அடைந்ததும் முதலில் ஏரிக்கே செல்லுங்கள். படகுத்துறையில் ஜனங்கள் கூடுவதற்கு முன், பனிமூட்டம் நீர்ப்பரப்பின்மேல் தங்கி நிற்கும் அந்தக் காலை வேளையில், வண்டியை நிறுத்திவிட்டுக் கரையோரமாக இருவரும் நடந்து செல்வதில் உள்ள இன்பம் பிற்பகலில் படகேறிச் சுற்றுவதில் இல்லை.

அதன்பின் 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலை. இதற்கு அரைநாளை முழுமையாக ஒதுக்கிவிட வேண்டும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். இன்று சாலையின் இருமருங்கும் சில்வர் ஓக் மரங்கள் நெடிதுயர்ந்து நிற்க, அவற்றின் அடிமரத்தைப் பற்றி மிளகுக்கொடி ஏற, அந்த நிழலில் காப்பிச் செடிகள் அடர்ந்திருக்கின்றன. கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், சில நாட்களுக்குள் கிளைதோறும் கணுவுக்குக் கணு வெண்ணிறப் பூங்கொத்துகள் மலர்ந்து, மல்லிகையை ஒத்த பரிமளம் சாலை வரையில் வீசும். ஓரிரு நாளில் வாடிவிடும் அந்தப் பூவைக் காணும் பாக்கியம் வாய்த்தவர்கள் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு மெல்லச் செல்லட்டும்.

5,300 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில், இந்த மலையின் சமதளமாக விரிந்த சிகரத்தில், மலைவாழ் மக்களின் குலதெய்வமான சேர்வராயனும் காவேரி அம்மனும் ஒரு குகைக்குள் எழுந்தருளியிருக்கிறார்கள். தாழ்ந்த வாயிலில் தலைகுனிந்துதான் உட்புக வேண்டும். சரித்திரத்தில் பற்றுள்ள தம்பதிகள் ஏற்காட்டிலுள்ள திரித்துவ ஆலயத்தையும் தரிசிக்கலாம். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட்டின் நினைவிடம் அங்கே உள்ளது.

மழைக்காலமாயின் கிளியூர் அருவியையும் பார்த்துவிடுங்கள். காலையில் நீங்கள் கரையில் நின்று பார்த்த ஏரி நிரம்பி வழியும் ஜலம்தான் அங்கே சுமார் 300 அடி கீழே விழுகிறது. கோடையில் அங்கே பாறைதான் மிஞ்சும். ஆகவே அப்போது போவது வீண்.

இறங்குவதற்குக் கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் செல்லும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். தூரம் சற்று அதிகமாயினும் வளைவுகள் குறைவு, நெரிசலும் குறைவு. காப்பித் தோட்டங்களும் மலைக்கிராமங்களும் நெடுந்தூரம் உடன் வரும். இறக்கத்தில் பிரேக்கை மாத்திரம் நம்பாமல், வண்டியைத் தாழ்ந்த கியரிலேயே செலுத்துங்கள். மே மாதத்துக் கோடை விழா நாட்களையும் விடுமுறை நாட்களையும் தவிர்த்து, வாரத்தின் நடுவில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் குப்பனூரை அடையுமாறு புறப்படுங்கள்.