இ.சி.ஆர். கடவுச்சீட்டு: படிப்பை அளந்து திறக்கும் வாசல்

சென்னையில் இ.சி.ஆர். என்றால் கடற்கரைச் சாலை. வளைகுடா வேலைக்குப் புறப்படுவோருக்கோ அது 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதோரின் கடவுச்சீட்டு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. அவர்கள் சவூதி அரேபியா, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற வேண்டும். பட்டதாரிக்கு இது தேவையில்லை. வருமான வரி செலுத்துபவருக்கும் தேவையில்லை.

குடியேற்றக் கொள்கை என்றதும் போய்ச் சேரும் நாட்டின் விசா விதிகளையே நாம் எண்ணுகிறோம். ஆனால் புறப்படும் வாசலிலேயே ஆட்களைத் தரம் பிரிக்கும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக உண்டு. காலனிய அரசின் 1922ஆம் ஆண்டுச் சட்டம், உடலுழைப்பு வேலைக்குச் செல்வோரை அரசு அறிவித்த நாடுகளுக்கு மட்டுமே அனுமதித்தது. அதற்கு மாற்றாக வந்த 1983ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பார்வையை முற்றிலும் கைவிடவில்லை.

பாதுகாப்பே நோக்கம் என்கிறது அரசு. அதை அடியோடு மறுப்பதற்கில்லை. அனுமதி பெற்றுச் செல்பவரின் வேலை ஒப்பந்தம் சரிபார்க்கப்படுகிறது. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் உண்டு. ஆயினும் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர் யார்? வயல் கூலிக்கும் செங்கற்சூளைக்கும் பெற்றோருடன் சென்று பள்ளியை இழந்த பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. கல்வியைச் சாதி பங்கிட்ட சமூகத்தில் கல்வியை அளவுகோலாக்கினால் அச்சொல் தேவைப்படுவதும் இல்லை. பெண்களின் நிலை இன்னும் கடினம்: 30 வயது நிறையாத இ.சி.ஆர். பெண்ணுக்கு இந்நாடுகளில் வேலை செய்ய அனுமதியே கிடையாது.

தடுத்தால் பயணம் நின்றுவிடுவதில்லை, தடம் மாறுகிறது. "விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் முகவர். அப்படிச் சென்றவருக்குச் சரிபார்த்த ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. யாரைக் காக்க விதி வகுக்கப்பட்டதோ அவரே அரசின் பதிவேட்டிலிருந்து மறைந்துபோகிறார்.

2018 ஜனவரியில் இ.சி.ஆர். பிரிவினருக்கு மட்டும் ஆரஞ்சு நிற உறை கொண்ட கடவுச்சீட்டு வழங்க அரசு முடிவெடுத்தது. விமான நிலையத்தில் கையை நீட்டும்போதே 'இவர் படிக்காதவர்' என்று ஊருக்கு அறிவிக்கும் ஏற்பாடு அது. ஒதுக்கி அடையாளமிடுவது என்னவென்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கடும் எதிர்ப்புக்குப் பின் அம்மாத இறுதியிலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. நிறம் போயிற்று, பிரிவினை அப்படியே இருக்கிறது.

ஒப்பந்தச் சரிபார்ப்பும் காப்பீடும் படிப்பு பாராமல் எல்லாத் தொழிலாளர்க்கும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கட்டுப்பாடு பயணியின் மீதன்று, முகவர் மீதும் வேலை கொடுப்பவர் மீதும் விழ வேண்டும். முகவர் வாங்கும் சேவைக் கட்டணத்திற்கு வரி நீங்கலாக 30,000 ரூபாய் என உச்சவரம்பு உண்டு. அதை மீறுவோருக்கும் பதிவின்றி ஆள் சேர்ப்போருக்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தண்டனை இரண்டாண்டு வரை சிறை. அபராதமோ அதிகபட்சம் 2,000 ரூபாய்.