வலி பிள்ளைக்கு... பதில் அம்மாவிடமிருந்து!

சித்த மருத்துவத்தில் நோயை அறிய எட்டு வழிகள் உண்டு. நாடி, ஸ்பரிசம், நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எல்லோரும் நாடியைத்தான் பெரிசாகப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் 'மொழி'யும் அதற்குக் குறைந்ததில்லை. குரல் ஓங்கியிருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா, சமமாக இருக்கிறதா என்று நோயாளியின் பேச்சைக் கேட்டே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஆனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் வந்தால் இந்த ஒரு தேர்வு மட்டும் நடப்பதில்லை! "எங்கேப்பா வலிக்குது?" என்று பையனைக் கேட்டால், "தொப்புளைச் சுத்தி அய்யா, ராத்திரியில ஜாஸ்தி" என்று அம்மா சொல்வார். "பசிக்குதா தம்பி?" "எங்கேய்யா சாப்பிடறான்!" இதுவும் அம்மாதான். பையன் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான். கணக்கில் சதம் அடிக்கிற பிள்ளை! தன் வயிற்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வரவில்லை. வரவில்லை என்பதைவிட, சொல்ல இடம் கிடைக்கவில்லை என்பதே சரி.

10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயசுக்காரர்களுக்குப் பள்ளியிலேயே வாழ்க்கைத் திறன்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று 1990-களில் பத்துத் திறன்களை அது பட்டியலிட்டது. தன்னை அறிவது, அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது, தெளிவாகப் பேசுவது, முடிவெடுப்பது, கோபத்தையும் மன அழுத்தத்தையும் சமாளிப்பது என்று போகும் அந்தப் பட்டியல். நம்ம பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 1993-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்தில் இதற்கென முதுகலைப் படிப்பே நடத்தினார்கள். தமிழக அரசும் 2022-ல் 'நான் முதல்வன்' திட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் கரையில் நின்று பாடம் கேட்டால் நீச்சல் வந்துவிடுமா?

எங்கள் காஞ்சிபுரத்தில் இதைப் புரியவைக்க ஒரு பட்டுத்தறி போதும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். வழக்கமான கோர்வைத் தறியில் ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. தறியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவர், கரைக்கு நாடா தள்ள இன்னொருவர். இவர் வேகத்துக்கு அவர் வரவேண்டும். இழை அறுந்தால் உடனே "நில்லுங்க" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். பயந்து மறைத்தால் புடவையே காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்காக அந்தக் காலத்தைக் கொண்டாடச் சொல்லவில்லை. அந்த இரண்டாவது ஆளாகப் பள்ளிக்கூடம் போகவேண்டிய சின்னஞ்சிறுசுகளைக் கடனுக்காக உட்கார வைத்த கொடுமையும் இதே ஊரில் நடந்ததுதான். நான் சொல்ல வருவது வேறு. தன்னை நம்பி இன்னொருத்தர் வேலை நிற்கிறது என்று தெரிந்தால்தான் பிள்ளை பேசவும் கேட்கவும் பழகும். நம் வீடுகளில் அப்படி ஒரு வேலையாவது அவர்களிடம் இருக்கிறதா? "நீ படி, அது போதும்" என்று காபி டம்ளரைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோமே!

மாசத்து மளிகையை அவளிடம் விடுங்கள். லிஸ்ட், பணம், மீதிச் சில்லறை எல்லாம் அவள் பொறுப்பு. கெட்டுப்போன பருப்பைத் திருப்பிக் கொடுக்க அவளே போகட்டும். கடைக்காரரிடம் சண்டையும் போடாமல், அழுதுகொண்டும் வராமல் காரியம் முடிக்க இரண்டு மூன்று தடவை ஆகும். ஆகட்டும். 2019-ல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லியே பேசப் பழகினார்கள். உங்கள் ஊர்த் திருவிழாவிலும் அதற்கு வாய்ப்பு வராமலா போகும்?

'வேண்டாம்' என்று சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். உதட்டுக்கு அடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலத்தை நண்பன் நீட்டும்போது, வகுப்பில் எழுதிய புற்றுநோய்ப் பாடம் ஞாபகத்துக்கு வராது. "டேய், எனக்கு வேணாம். வா, கிரவுண்டுக்குப் போலாம்" என்ற ஒரு வரி நாக்கில் தயாராக இருக்கவேண்டும். வீட்டில் சிரிப்பும் விளையாட்டுமாக அப்பா நண்பனாக நடிக்கட்டும், பிள்ளை மறுத்துப் பழகட்டும். இன்னொன்று: வீட்டில் உங்களிடமே 'வேண்டாம்பா' என்று சொல்ல முடியாத பிள்ளை வெளியில் எப்படிச் சொல்லும்?

எண்ணெய்க் குளியல், வல்லாரை, பிரமி என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. குளியல் உடம்புக்கு நல்லது. ஆனால் கூச்சத்துக்கு லேகியம் கிடையாது! தூக்கம் வேண்டும், அதுவும் 8 மணி நேரத்துக்குக் குறையாமல். தூங்காத பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள்.

கூச்சம் வேறு, மனச்சோர்வு வேறு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு வாரமாக வாய் மூடிக் கிடந்தால், சாப்பாடும் தூக்கமும் மாறியிருந்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "நான் இல்லாமப் போனா என்ன" என்று ஒரு தடவை சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அந்தப் போனிலாவது பிள்ளையைப் பேச விட்டு, நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள்.