சபை இருந்தால்தான் வேடம்

மணிமுத்தாறு அணைக்குப் பக்கத்து ஊர் சிங்கம்பட்டி. அந்த ஜமீனில் கடைசியாகப் பட்டம் கட்டிக்கொண்டவர் முருகதாஸ் தீர்த்தபதி. ஆடி அமாவாசை வந்தால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவர் ராஜ உடையில் கொலுவிருப்பார். அதைப் பார்க்கவே ஜனம் கூடும். ஜமீன்தாரி முறை 1950களின் தொடக்கத்திலேயே ஒழிந்துபோயிற்று. மாஞ்சோலைப் பக்கத்து மலையில் 8,374 ஏக்கரை 1929-லேயே 99 வருஷக் குத்தகைக்குத் தேயிலைக் கம்பெனிக்கு விட்டாயிற்று. ஆள நாடு கிடையாது என்பது உடுத்தியவருக்கும் தெரியும், எதிரே நின்றவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு பொழுதுக்கு அவர் ராஜாதான். 2020 மே மாதம் அவர் காலமானபோது ஒரு ராஜா போய்விட்டார் என்றுதான் ஊர் பேசியது. அந்த மரியாதையைக் கொடுத்தது பட்டுத் துணியா, கூடி நின்ற ஜனமா? அதே உடையைப் போட்டுக்கொண்டு வேறொருவர் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் சிரிப்புதான் மிஞ்சும். உடை பாதி, சபை பாதி. நம் பிள்ளைகள் இப்போது காஸ்ப்ளே, காமிக் கான் என்று கிளம்புவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் சரி, மார்தட்டுபவர்களும் சரி, இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

காமிக் கான் என்பது ரசிகர்களின் திருவிழா. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் அது முதல் தடவையாக நடந்தது. அடுத்த பிப்ரவரியிலும் நடந்தது. ஜதின் வர்மா 2011-ல் டெல்லியில் தொடங்கிய இந்த நிகழ்ச்சி, பெங்களூரு, மும்பை, ஐதராபாத் என்று சுற்றிவிட்டு, பதின்மூன்று வருஷம் கழித்தே தமிழ்நாட்டை எட்டியது. உள்ளே போனால் புத்தகக் கடைகள், பொம்மைக் கடைகள், ஓவியர்கள் தாங்கள் வரைந்ததைத் தாங்களே விற்கும் மேசைகள், கேமிங் திரைகள், மேடையில் பேச்சு. இவற்றுக்கு நடுவே ஸ்பைடர்மேனும் பேட்மேனும் ஜப்பானிய நருட்டோவும் சாதாரணமாக நடந்து போவார்கள். கேட்டால் நின்று படம் எடுத்துக்கொள்ள இடம் கொடுப்பார்கள். தனக்குப் பிடித்த ஒரு பாத்திரத்தின் உடையைச் செய்து, உடுத்தி, அந்தப் பாத்திரத்தின் நடையையும் நிற்கிற தோரணையையும் பிடிப்பதுதான் காஸ்ப்ளே.

இதன் வரலாறும் ஒரு சபையிலிருந்தே தொடங்குகிறது. 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இருவர் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்தார்கள். இரண்டையும் வடிவமைத்துத் தைத்தவர் டக்ளஸ். வந்திருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதைகளைப் படித்தவர்கள் என்பதால் அந்த உடைக்கு அங்கே அர்த்தம் இருந்தது. வெளியே தெருவில் அது விசித்திரம், அவ்வளவுதான். ஜப்பானில் 1975-ல் தொடங்கிய காமிக்கெட் என்ற ரசிகர் சந்தையிலும் இப்படி வேடம் போட்டவர்கள் கூடினார்கள். காஸ்ட்யூம், ப்ளே என்ற இரண்டு சொற்களையும் சுருக்கி ஒட்டவைத்து ‘காஸ்ப்ளே’ என்ற பெயரை 1980களின் முதற்பாதியில் கொடுத்தவர் நொபுயுகி தக்காஹாஷி என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர். ஆக, பெயருக்கு வயது நாற்பதுக்குச் சற்று மேல். காரியத்துக்கு வயது என்ன என்று கேட்டால், தாமிரபரணிக் கரைக்காரர்கள் கிழக்கே கடலோரத்தைக் கைகாட்டலாம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிறது குலசேகரன்பட்டினம்; சுருக்கமாகக் குலசை. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, கொடியேற்றம் முடிந்ததும் காப்புக் கட்டி வேடம் போடுகிறார்கள். காளி, ராமர், அனுமன், ராஜா, ராணி, குறவன், குறத்தி, கரடி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர் என்று வேடத்துக்குக் கணக்கே இல்லை. காளி வேடம் போடுகிறவர்களுக்கு விரதம் நீளம். 41 நாள், 48 நாள் என்று இருப்பார்கள். ஊருக்கு ஊர் தசரா குழு உண்டு; செட்டு என்பார்கள். மேளத்தோடு தெருத்தெருவாகப் போய்க் காணிக்கை பிரித்து, பத்தாம் நாள் குலசையில் உண்டியலில் சேர்ப்பார்கள். அன்று இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அங்கே வருகிற அசுரனும் தலையை மாற்றி மாற்றித்தான் வருகிறான். அந்த இரவில் வேடம் போடாதவர்கள்தான் தனித்துத் தெரிவார்கள். இவ்வளவு பெரிய வேடக் கூட்டத்தை ஆண்டுதோறும் காண்கிற ஒரு வட்டாரம், நந்தம்பாக்கத்தைப் பார்த்து ‘இது என்ன கூத்து’ என்று கேட்பதுதான் விந்தை.

இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கைவேலை. காளிக்குச் சடைமுடி வேண்டும், உயரமான கிரீடம் வேண்டும், வாயோரத்தில் வீரப்பல் வேண்டும், முதுகுக்குப் பின்னால் விரிந்து நிற்கும் அட்டைக் கைகள் வேண்டும். காஸ்ப்ளே செய்பவர் ஒரு போர்வீரனின் மார்க்கவசம் செய்கிற விதத்தைப் பாருங்கள். உடம்பைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் டேப். டேப்பின் மேல் பேனாவால் கோடு போட்டு, கோட்டோடு கத்தரித்துக் கழற்றினால் அதுதான் அளவுத் துண்டு. பிறகு ஃபோம். சின்னப் பிள்ளைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடுகிறோமே, அந்த மெத்துப்பாய் சரக்குதான். அளவுப்படி அறுத்துச் சூடு காட்டினால் சொன்னபடி வளையும். ஆறினால் வளைந்தபடியே நிற்கும். செருப்புத் தைப்பவர் பூசும் ரப்பர் பசையால் இணைத்து, வெள்ளி நிறம் அடித்து, இடுக்குகளில் கறுப்பைத் தடவித் துடைத்துவிட்டால் பத்தடி தூரத்தில் அது பழைய இரும்பு. ஆனால் செய்து முடித்த கவசத்தின் முதுகுப் பட்டையைத் தானே மாட்டிக்கொள்ள முடியாது. காளியின் பின்கைகளையும் தானே கட்டிக்கொள்ள முடியாது. கிரீடம் கண்ணை மறைக்கும்போது கையைப் பிடித்து நடத்த, தண்ணீர் கொடுக்க, அவிழ்ந்ததை முடிய இன்னொருவர் வேண்டும். காஸ்ப்ளே நண்பர் கூட்டத்தோடு நடக்கிற காரியமாக இருப்பதற்கு ஆசை மட்டுமல்ல, இந்த முதுகுப் பட்டையும் காரணம்.

அடுத்தது கட்டுப்பாடு. இரும்பாலான வேல், வாள், சூலம் கொண்டுவரக் கூடாது, சாதி அடையாளமுள்ள கொடியோ ரிப்பனோ கூடாது என்று குலசை தசராவின்போது அதிகாரிகள் அறிவிப்பார்கள். காமிக் கானிலும் வாசலிலேயே ஆயுதங்களைச் சோதிக்கிறார்கள். உலோகம் கூடாது, கூர் கூடாது. கூட்டத்தில் ஒருவர் குத்தினாலும் வேடம் அந்த நொடியே கலைந்துவிடும் என்பதை இரண்டு இடத்திலும் அனுபவத்தால் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வாள் பொய்யாக இருக்கிறவரைக்கும்தான் வீரன் நிஜம். வேடம் ஒரு தனியாளின் விருப்பமாகத் தொடங்கினாலும், அதை நடத்திக் கொடுப்பது கூட்டமும் அந்தக் கூட்டம் ஒப்புக்கொண்ட கட்டுப்பாடும்தான் என்று சொல்வதற்கு இவை சான்று.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். குலசையில் வேடம் போடுவது நேர்ச்சை. பிள்ளைக்கு உடம்பு தேறியது, கல்யாணம் கூடியது என்று அம்மனுக்குப் பட்ட கடனைத் தீர்க்கிறார்கள். அதையும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கையும் ஒரே தராசில் வைப்பதா? வைக்கக் கூடாது. பட்டினி கிடந்து, செருப்பில்லாமல் நடந்து, வீட்டு வாசலில் கையேந்துகிற பணிவு காஸ்ப்ளேயில் இல்லை. அதற்கு அந்தப் புனிதத்தைக் கடன் வாங்கித் தரவும் வேண்டியதில்லை. ஆனால் ‘நேர்ச்சை இல்லையென்றால் வேடம் வெட்டி’ என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அம்பாசமுத்திரம் வட்டாரத்துச் சுடலைமாடன் கொடைகளில் கணியான் கூத்து நடக்கும். அண்ணாவி பாட, மகுடம் என்ற தோற்கருவி முழங்க, பெண் வேடத்தில் ஆடுகிற ஆண்களுக்கு அது பரம்பரைத் தொழில், கூலி உண்டு. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் கறுப்புக் கோட்டும் முண்டாசும் மையால் வரைந்த மீசையுமாக நிற்கிற பிள்ளைக்கு நேர்ச்சையும் இல்லை, கூலியும் இல்லை. அந்தப் பிள்ளை வேடம் போட்டு நிற்கிற பாரதி பக்கத்துக் கடையத்தில் வாழ்ந்தவர் என்பது சபைக்குத் தெரியும், கைதட்டல் அதனால்தான். பக்தி, தொழில், விளையாட்டு என்று மூன்று வகை வேடத்துக்கும் நம்மிடம் நெடுநாளாகவே இடம் உண்டு. காஸ்ப்ளே மூன்றாவது வகை.

‘விளையாட்டென்றே இருக்கட்டும், ஆனால் ஜப்பான்காரன் பொம்மையும் அமெரிக்காக்காரன் பொம்மையும் எதற்கு?’ என்பது அடுத்த கேள்வி. பொம்மை எங்கே பிறந்தது என்பதைவிட யார் மனதில் வளர்ந்தது என்பதே பெரிது. சிவகாசியிலிருந்து 1972-ல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தார். பிறந்தது இங்கிலாந்தில், ஆனால் தமிழ் பேசி, தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிப் பைக்குள் ஒளிந்து, இரண்டு தலைமுறைக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். 1984-ல் லயன் காமிக்ஸ் தொடங்கியது. அந்தப் புத்தகங்களின் வாசகர்கள் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் ஒன்றுகூடுகிறார்கள். பெயர் வைக்காத குறைதான், அதுவும் ரசிகர் மாநாடே. இன்றைய பிள்ளைகளுக்கு அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தமிழ்க் குரலிலேயே கிடைக்கிறது. டீமன் ஸ்லேயர் படம் 2025 செப்டம்பரில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. மாயாவி நம்மவரானால் இவர்களும் நம்மவராக வழி உண்டு.

இந்தக் கேள்விக்குள் உண்மையான ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. நம்முடைய பாத்திரங்களை ஏன் அதிகம் காணோம்? உருவம் மனதில் பதியாத பாத்திரத்துக்கு வேடம் போட முடியாது என்பதே பதில். வந்தியத்தேவன் என்றதும் தமிழ் வாசகருக்கு ஒரு முகம் தோன்றுகிறதென்றால், கல்கி பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களுக்கு அதில் பெரும்பங்கு. 2022-ல் வந்த சினிமா இன்னொரு முகத்தைச் சேர்த்தது. எழுத்து மட்டும் போதவில்லை, கோடு வேண்டியிருந்தது. பிள்ளைகள் நம் கதையை உடுத்தவில்லை என்று வருந்துகிறவர்கள், நம் கதைக்கு ஓவியரைத் தேடிக் கொடுத்தால் வருத்தம் தானாகக் குறையும்.

காசைப் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் கனமானது. காமிக் கான் ஒரு வியாபாரம். 2024-ல் அதையே ஒரு கேமிங் கம்பெனி வாங்கியது. நுழைவுக்கு டிக்கெட், உள்ளே எதைத் தொட்டாலும் விலை. திருநெல்வேலியிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், தங்க இடம், சாப்பாடு என்று சேர்த்தால் கூலிவேலைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது எட்டாத திருவிழா. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அரங்கில் காசு கொடுத்து வாங்காத ஒன்று உண்டென்றால் அது பார்வையாளர் தானே செய்து போட்டுக்கொண்டு வருகிற வேடம்தான். அட்டையும் பழைய துணியும் ஃபோமும் கொண்டு ஒருவர் செய்ததை நூறு பேர் நின்று பார்க்கிறார்கள். குறை வேடத்தில் இல்லை. சபை சென்னையில் மட்டும் கூடுவதில் இருக்கிறது.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற பெற்றோரின் அச்சமும் வீண் அச்சமில்லை. வேடத்தில் இருக்கிறவரைத் தொடலாம், கேட்காமல் படம் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. அதனால்தான் நியூயார்க் காமிக் கானில் 2014-ல் ‘காஸ்ப்ளே என்பது சம்மதமல்ல’ என்று பெரிய பலகையே வைத்தார்கள். குலசையில் காளி வேடக்காரரை யாரும் இடித்துத் தள்ளுவதில்லை. வேடத்துக்குள்ளே இருப்பது அம்மன் என்ற பயம் காக்கிறது. விளையாட்டு வேடத்தில் அந்தப் பயம் இல்லாததால், விதியை எழுதித்தான் வைக்க வேண்டும்; மீறுகிறவரை வெளியேற்றித்தான் ஆக வேண்டும். அப்படிச் செய்யாத அரங்குக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பதே சரி.

சபைதான் வேடத்தைத் தாங்குகிறது என்றால், செய்ய வேண்டியதும் அதிலேயே இருக்கிறது. திருநெல்வேலியில் பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கிறது. படித்த பாத்திரமாக வேடமிட்டு வாருங்கள் என்று அதில் ஒரு நாளை ஒதுக்கலாம். மேடை இருக்கிறது, ஓவியர்களும் தையற்காரர்களும் இருக்கிறார்கள், படித்த ஜனம் கூடுகிறது. காளிக்குக் கிரீடம் கட்டிப் பழகிய கைகள் தசரா முடிந்ததும் சும்மாதான் இருக்கின்றன. பொய் வாள்தான், தொடுமுன் கேள், தானே செய்ததற்கே பரிசு என்று மூன்று விதிகள் போதும். மணிமுத்தாற்றுப் பிள்ளை காலையில் பஸ் ஏறி, வந்தியத்தேவனாகவோ மாயாவியாகவோ நருட்டோவாகவோ நின்றுவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்பலாம். மாவட்ட நிர்வாகமும் பதிப்பாளர்களும் இதை யோசிக்க வேண்டும்.