மலைநாட்டில் தொலைவின் அளவுகோல்

இலங்கை மலைநாட்டில், கண்டிக்கும் கலஹாவுக்கும் இடையே ஹந்தானை மலைத்தொடர் கிடக்கிறது. பறவைக்கு அது ஒரு தாண்டல். பேருந்துக்கோ, பேராதனையைத் தொட்டு மலையைச் சுற்றிச் செல்லும் நெடுவழி. மலைநாட்டில் தொலைவைக் கிலோமீற்றரால் அளப்பவர் ஏமாறுவார். நேரத்தால் அளப்பவரே மெய் காண்பார்.

இங்கு வழிகளை வகுத்தது தேயிலை. கலஹாவுக்கு அணித்தான லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை எட்டியதும் அதே ஆண்டில்தான். பறித்த கொழுந்து காலந்தாழ்த்தினால் வெதும்பிக் கெடும். ஆகவே அது விரைந்து ஆலை சேர வழிகள் வகுக்கப்பட்டன. தொழிலாளர் லயங்களோ மலைச்சரிவெங்கும் சிதறி எழுந்தன. பிற்காலக் குடியிருப்புகள் பெருவீதியோரம் நீண்டன. வீதியோரத்தவை நூலில் கோத்த மணிகள். சரிவில் உள்ளவை சிந்திய மணிகள். முன்னவற்றை ஒரே பேருந்துத் தடம் இணைத்துவிடும். பின்னவற்றில் வாழ்பவரோ பேருந்துக்கு ஏறியிறங்கி நடக்கவேண்டும்.

ஏற்றத்தின் விலையை ஸ்கொத்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இலேயே கணக்கிட்டார். சமநிலத்தில் மணிக்கு 5 கிலோமீற்றர் நடப்பவர், ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 10 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விதி. ஆக, 800 மீற்றர் நடை சமவெளியில் 10 நிமிடம். 100 மீற்றர் ஏறவும் வேண்டுமாயின் 20 நிமிடம். சமவெளி நகரின் அளவுகோலை அப்படியே மலைக்குக் கொணர்ந்து பேருந்துத் தரிப்பிடம் அமைத்தால், பலர் நடையெல்லைக்கு வெளியே நிற்பர்.

நடையை அடுத்து வருவது காத்திருப்பு. மணிக்கொரு பேருந்து ஓடும் தடத்தில், நேரம் அறியாது வருபவர் சராசரியாக 30 நிமிடம் நிற்பார். கால்மணிக்கு ஒன்றெனில் ஏழரை நிமிடம். ஆனால் ஆட்கள் குறைந்த மலைத்தடத்தில் அத்தனை வண்டிகள் ஓட்டல் கட்டுப்படியாகாது. அவ்விடத்தில் வண்டியின் எண்ணிக்கையைவிட நேரத்தின் உறுதியே பெரிது. மலைகள் செறிந்த சுவிட்சர்லாந்து 1982இல் நாடளாவிய சீர்நேர அட்டவணையை மேற்கொண்டது. ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வண்டி புறப்படும். புகையிரதம் வந்துசேரும் வேளையில் மலையூர்ப் பேருந்து காத்து நிற்கும்.

கண்டிக்கெனத் திட்டமிடப்பட்ட பல்வகைப் போக்குவரத்து முனையம் புகையிரதத்தையும் பேருந்தையும் ஓரிடத்தில் சேர்க்க முனைகிறது. அது பயணத்தின் ஒரு நுனி மட்டுமே. மறு நுனி, லயத்துப் படிகள் வீதியைத் தொடும் இடம். லயங்களுக்கு மாற்றாக இப்போது தனிக் காணியில் தனி வீடுகள் எழுகின்றன. அவ்வீடுகள் வீதிக்கு அணுக்கமாக அமையுமா, எட்டாச் சரிவில் அமையுமா என்பது வீட்டுத் திட்டத்தின் வினா மட்டுமன்று. அடுத்த அரை நூற்றாண்டின் போக்குவரத்துத் திட்டமும் அதுவே.

கொழுந்து வெதும்புமுன் ஆலை சேரவேண்டும் என்று நிமிடக் கணக்குப் பார்த்த மலை இது. அதே கணக்கு, கொழுந்து கொய்யும் கைகளின் பயணத்துக்கும் வரவேண்டும்.