திறந்து பார்த்துச் சொல்லும் கடை

கம்ப்யூட்டர் தொடர்பாக எது வாங்குவதென்றாலும் இன்று பலரும் முதலில் செல்போனைத்தான் எடுக்கிறார்கள். விலை தெரிகிறது, தள்ளுபடி தெரிகிறது, ஓரிரு நாளில் பொருள் வீட்டுக்கே வந்துவிடுகிறது. இருந்தும் கடைவீதிச் சந்துகளிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிகளிலும் ஒன்றிரண்டு பேர் நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர் கடைகளுக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கே விற்பதற்கு முன்னால் திறந்து பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கடைகளின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

“ஆன் பண்ணா டிஸ்ப்ளே வரல, பீப் பீப்னு கத்துதுண்ணே” என்று ஒருவர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுவார். ராமின் ஓரத்துக் கொக்கியை விலக்கி அதை வெளியே எடுப்பார். அதன் அடிவிளிம்பில் பொன்னிறத்தில் வரிசையாக இருக்கும் முனைகளைச் சாதாரணப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்ப்பார். ஸ்லாட்டில் இருக்கும் தூசியைப் பிரஷால் தட்டிவிட்டு, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுவார். முனையில் படிந்த அழுக்குதான் காரணம் என்றால் திரை உடனே வந்துவிடும். மதர்போர்டே போய்விட்டது என்று பயந்து வந்தவர், சொற்பக் கூலி கொடுத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு முறை போடும்போதும் தேதியும் நேரமும் மாறிப்போகும் கம்ப்யூட்டரும் இப்படித்தான். பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் காசு அளவுள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும்.

அடுத்து, “ரொம்ப ஸ்லோ” என்ற புகார். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அது நொடிக்குச் சுமார் 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். சிறு சிறு ஃபைல்களைத் தேடி அதன் முள் அலையும்போது வேகம் இன்னும் படுத்துவிடும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பியைத் தாண்டும், அதில் அலையும் முள்ளும் கிடையாது. புது லேப்டாப் வாங்க வந்தவரிடம் “எஸ்எஸ்டி மட்டும் போட்டுக்கோங்க சார், இன்னும் சில வருஷம் ஓடும்” என்று சொல்லத் திறந்து பார்த்த ஆள் வேண்டும். எது பொருந்தும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ராம் ஏறாது. எம்.2 ஸ்லாட் இருக்கிறதே என்று என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கினால், சில போர்டுகளில் அந்த ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும்.

புதிது வாங்க வைக்கும் இன்னொரு காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். “உங்கள் கம்ப்யூட்டர் இதற்குத் தகுதியில்லை” என்று திரையில் வந்ததுமே பலர் புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். சில கம்ப்யூட்டர்களில் டிபிஎம் உள்ளேயே இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

விலையில் சின்னக் கடை பல நேரம் தோற்கும், அது உண்மை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற மொத்தச் சந்தைகளிலிருந்து நாலைந்தாகச் சரக்கு எடுப்பவர், ஆயிரக்கணக்கில் எடுக்கும் நிறுவனத்தின் விலைக்கு எப்படித் தர முடியும்? பென் டிரைவ், மவுஸ் போன்றவற்றை எங்கே குறைவோ அங்கே வாங்குங்கள். மாட்ட வேண்டிய பொருள், பழுதுபார்க்க வேண்டிய பொருள் என்றால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் உள்ளூர்க் கடைதான் லாபம். மாட்டித் தருவதும், சரிவராவிட்டால் மாற்றித் தருவதும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கல்யாணப் போட்டோக்களைப் புதியதுக்கு ஏற்றித் தருவதும் அந்த விலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டாம். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அதில் சீரியல் நம்பர் இருக்கட்டும். அசெம்பிள் செய்யும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் 3 அல்லது 5 ஆண்டுகள். “விண்டோஸ் சும்மா போட்டுத் தர்றேன்” என்றால் அது ஒரிஜினலா என்று கேளுங்கள். பணம் செலவழிக்க மனமில்லை என்றால் உபுண்டு போன்ற லினக்ஸ் இலவசம். சர்வீசுக்குக் கொடுக்கும் முன் முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரையும் கொண்டு போங்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் உங்கள் ஆதார் நகலும் பேங்க் விவரங்களும் இருக்கலாம்.