குளிர்காற்றுக் குழாய்: கையால் செய்வதா, கடையில் வாங்குவதா?

கார்க் கடன் பிரிவில் பணிபுரிவோரிடம் வாடிக்கையாளர்கள் வட்டி விகிதத்தையும் தவணைக் காலத்தையும் மட்டுமே கேட்பதில்லை. காருக்குக் ‘கோல்ட் ஏர் இன்டேக்’ பொருத்தலாமா, அதனைக் கடையில் வாங்குவதா அல்லது பட்டறையில் செய்துகொள்வதா என்ற வினாவும் இளம் வாடிக்கையாளர்களிடமிருந்து எழுவதுண்டு. மும்பையின் குர்லா, தில்லியின் காஷ்மீரி கேட், பெங்களூரின் ஜே.சி. சாலை ஆகிய உதிரிபாகக் கடைத்தெருக்களில் இரு வழிகளுக்கும் ஆட்கள் காத்திருக்கின்றனர். ஒரு கடையில் பளபளக்கும் அட்டைப் பெட்டியில் முழுத் தொகுப்பும் கிடைக்கும்; அடுத்த கடையில் கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றையும் வளைந்த குழாய் ஒன்றையும் நான்கு கிளிப்புகளையும் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். விலை வேறுபாடு பத்து மடங்குக்கு மேலும் இருக்கக்கூடும்.

வணிகவியல் படித்த வங்கி அலுவலருக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது. அந்தக் கார் கடன் தீரும் வரை வங்கிக்கு ஈடாக நிற்கும் பொருள். அதன் உரிமையாளர் எங்கள் வாடிக்கையாளர்.

முதலில் இக்கருவி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின் ஒரு கிராம் எரிபொருளை முழுமையாக எரிக்க ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. எனவே அதே கொள்ளளவில் கூடுதல் ஆக்சிஜன் உள்ளே செல்லும். போனட்டுக்குள் 60 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றுக்குப் பதிலாக வெளியே 35 டிகிரியில் இருக்கும் காற்றை எஞ்சினுக்கு அளித்தால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 விழுக்காடு கூடும். விற்பனையாளர் காட்டும் கணக்கு இதுவே. கணக்கில் பிழை இல்லை.

பிழை அதன் தொடக்கத்தில் இருக்கிறது. இன்று நாம் வாங்கும் கார்களில் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலையே பொருத்தியனுப்பும் காற்றுக் குழாய், முன்புறக் கிரில்லின் பின்னாலிருந்தோ ஃபெண்டரின் ஓரத்திலிருந்தோ வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக்கால் ஆன, அழகற்ற அந்தப் பெட்டிதான் உண்மையான குளிர்காற்றுக் கருவி. அதனைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் பக்கத்தில் திறந்த கூம்பு ஃபில்டரைப் பொருத்துவோர் 35 டிகிரிக் காற்றை விட்டு 60 டிகிரிக் காற்றுக்கு மாறுகின்றனர். பணம் கொடுத்துத் திறனைக் குறைத்துக்கொள்ளும் இந்த வணிகம் எவ்வாறு செழிக்கிறது என்றால், ஓசையால். பழைய பெட்டி காற்று நுழையும் ஒலியையும் அடக்கிவைத்திருந்தது. அது போனதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் உறுமல் கேட்கும். உறுமல் கேட்டால் வேகம் கூடியதாகவே மனம் கொள்ளும்.

முறையாக வடிவமைத்து, வெளிக்காற்றையே இழுக்கும் தொகுப்பைப் பொருத்தினாலும், சாதாரணக் குடும்பக் காரில் ஓரிரு குதிரைத்திறன் கூடினால் அதுவே பெரிது. அதுவும் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போதுதான். நகரச் சாலையில் காலைப் பாதி அழுத்தி ஓட்டும்போது த்ராட்டில் என்னும் தடுப்புத் தகடே காற்றைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு முன்னால் எவ்வளவு அகன்ற குழாயை வைத்தாலும் பயனில்லை. ‘மைலேஜ் கூடும்’ என்ற வாக்குறுதியும் இவ்விடத்தில்தான் உடைகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள நவீனப் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைபட்டிருந்தாலும் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை எனக் கண்டது; வேகமெடுக்கும் திறனே குறைந்தது. அடைபட்ட ஃபில்டரே மைலேஜைக் குறைக்கவில்லை எனில், காற்றுத் தடையை மேலும் குறைப்பதால் அது கூடுமென எதிர்பார்க்க இடமில்லை.

இத்தனைக்குப் பிறகும் வேண்டும் என்போர் இருப்பர். ஆசையைக் கணக்கால் முழுவதும் அடக்கிவிட முடியாது. அவர்களுக்குத்தான் தலைப்பில் உள்ள வினா.

கையால் செய்யும் குழாயில் முதலில் இடறுவது அளவு. பல கார்களில் காற்றுக் குழாயினுள் ஒரு மெல்லிய சூடான கம்பி இருக்கும். அதனைக் கடந்து செல்லும் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டு, உள்ளே செல்லும் காற்றின் அளவைக் காரின் கணினி அறிகிறது. அந்தக் கணக்கு குழாயின் விட்டத்தை நம்பியே அமைந்தது. 60 மில்லிமீட்டர் குழாய் இருந்த இடத்தில் 70 மில்லிமீட்டர் குழாயை வைத்து, சென்சாரை அதில் துளையிட்டுச் செருகினால், குழாயின் குறுக்குப் பரப்பு 36 விழுக்காடு கூடிவிடும். அதே அளவு காற்று மெதுவாகச் செல்லும். காற்று குறைந்துவிட்டதாகக் கணினி எண்ணி எரிபொருளையும் குறைக்கும். ஓரளவு வரை அதுவே திருத்திக்கொள்ளும். அதற்கு மேல் போனால் டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரியும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்தச் சூடான கம்பி இல்லை. காற்றழுத்தத்தை அளக்கும் வேறு சென்சார் உண்டு. அத்தகைய கார்களில் கைவேலைக்குச் சற்று இடமிருக்கிறது. உங்கள் கார் எந்த வகை என்று பட்டறைக்காரரைக் கேளுங்கள். அவர் தயங்கினால் அங்கிருந்து புறப்பட்டுவிடலாம்.

அடுத்தது பொருள். கட்டடக் கழிவுநீருக்குப் பயன்படும் பிவிசி குழாய் மலிவானது. ஆனால் 80 டிகிரி அளவில் இளகத் தொடங்கிவிடும். போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காரின் எக்ஸாஸ்ட் பகுதிக்கு அருகே வெப்பம் அதனையும் தாண்டும். அலுமினியக் குழாய் இளகாது. எனினும் சுற்றியுள்ள சூட்டை விரைவாக வாங்கிக்கொள்ளும். எஞ்சினின் கிராங்க்கேஸிலிருந்து வரும் மூச்சுக் குழாயை என்ன செய்வது என்பது இன்னொரு சிக்கல். அது ஃபில்டருக்குப் பின்னால் காற்றுக் குழாயில் சேர வேண்டும். கைவேலைக்காரர்கள் சிலர் அதன் முனையில் சிறு ஃபில்டர் ஒன்றைச் செருகி வெளியே விட்டுவிடுகின்றனர். எண்ணெய்ப் புகை நேரே வெளிக்காற்றில் கலக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 விதிகளின்படி உருவாக்கிய காரில் இதற்கு இடமே இல்லை.

தூசி பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் முழு அழுத்தத்தில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்றை விழுங்கும். நம் சாலைகளின் காற்று எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஃபில்டரைக் கடந்து செல்லும் நுண்மணல் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். அந்தத் தேய்மானம் உடனே தெரியாது. எண்ணெய் குறையத் தொடங்கும்போதுதான் தெரியவரும். எனவே குழாயை எங்கே செய்தாலும் ஃபில்டரை மட்டும் பெயர் தெரியாத இடத்தில் வாங்கக் கூடாது. ஐஎஸ்ஓ 5011 என்பது காற்று ஃபில்டர்களைச் சோதிக்கும் பன்னாட்டு முறை. அதன்படி சோதித்ததாகத் தயாரிப்பாளர் எழுத்தில் சொல்கிறாரா என்று பாருங்கள். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெயை அதிகமாகத் தடவினால் அது முன்னர் சொன்ன சூடான கம்பியில் படிந்து சென்சாரைக் கெடுக்கும்.

இவையெல்லாம் பழுதுகள். பட்டறையில் சரிசெய்துவிடலாம். தண்ணீர் அவ்வாறன்று.

குளிர்ந்த காற்றைத் தேடிக் குழாயின் வாயைப் பம்பருக்குள் கீழே இறக்குவது வழக்கம். தரையிலிருந்து ஒரு முழ உயரம்கூட இராது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 300 கன சென்டிமீட்டர். அழுத்த விகிதம் 11 என்று கொண்டால், பிஸ்டன் மேலே வரும்போது எஞ்சும் இடம் 30 கன சென்டிமீட்டர், இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனுக்கு மேலே செல்ல வழியில்லை. தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

நான் பணிபுரியும் நவி மும்பைப் பகுதியில் இதனைச் சொற்களாக அன்றிக் கோப்பாகவே பார்த்தேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த பெருநகரம் இது. ஆண்டுதோறும் சில சுரங்கப்பாதைகளில் முழங்கால் அளவு நீர் நிற்கும். செம்பூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர் ஐந்தாண்டுக் கடனில் கார் வாங்கி, இரண்டாம் ஆண்டில் நண்பரின் பட்டறையில் 3,000 ரூபாய்க்குள் இந்தக் குழாயைச் செய்துகொண்டார். வேலைப்பாடு நன்றாகவே இருந்தது என்று பின்னர் பார்த்த மெக்கானிக்கும் சொன்னார். ஜூலை மழையில், அவருக்கு முன்னால் சென்ற அதே மாடல் கார் கடந்துபோன நீரில் இவருடைய கார் நின்றுவிட்டது. பழுதுபார்ப்பு மதிப்பீடு ஒன்றரை இலட்சத்தை நெருங்கியது. காப்பீட்டு சர்வேயர் எடுத்த முதல் புகைப்படமே பம்பருக்குள் இருந்த ஃபில்டர்தான். மாற்றத்தை நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை என்பதைக் காட்டிக் கோரிக்கையை மறுத்துவிட்டனர். ‘சார், வண்டி ஓடாதபோது தவணையையாவது நிறுத்திவைக்க முடியுமா?’ என்று அவருடைய தந்தை கேட்டார். ஓய்வூதியக் கணக்கும் எங்கள் கிளையில்தான். தவணைத் தேதி கார் ஓடுவதைப் பொறுத்து அமைவதில்லை என்பதை அவரிடம் மெதுவாக விளக்க வேண்டியதாயிற்று. அடுத்த பதினோரு மாதங்கள் மகனின் தவணை தந்தையின் ஓய்வூதியத்திலிருந்தே வந்தது.

காப்பீட்டைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்லிவிடலாம். முழுக் காப்பீட்டுப் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஓட்டியதாலோ மீண்டும் இயக்க முயன்றதாலோ ஏற்படும் உட்சேதத்தை விளைவுச் சேதம் என்று கூறிப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அதற்கென ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்னும் கூடுதல் காப்பு தனியே எடுக்க வேண்டும். அதுவும் தெரிவிக்காத மாற்றத்துக்கு உதவாமற்போகலாம். கடையில் வாங்கிய தொகுப்பின் உண்மையான மேன்மை இங்கேதான். அதற்கு ஜிஎஸ்டி பில் உண்டு. எந்த மாடலுக்கு உரியது என்ற பாக எண் உண்டு. இவற்றை இணைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி எண்டார்ஸ்மென்ட் கேட்கலாம். அவர்கள் மறுத்தாலும், மறுத்துவிட்டார்கள் என்பது பொருத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும். பட்டறைக் குழாய்க்கு இணைக்க எதுவும் இல்லை.

‘எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் தொகுப்புகளுக்கு இந்த மேன்மை கிடையாது. அவை, பில்லோடு வரும் கைவேலைக் குழாய்கள் என்பதே என் கருத்து.

சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வண்ணம் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. ஃபில்டர் பெட்டி அச்சான்றில் இடம்பெறுவதில்லை என்பது மெய்யே. ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182-ஏ பிரிவு, விதிகள் அனுமதிக்காத முறையில் பாகங்களைப் பொருத்துவதற்கும் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. புகையும் மூச்சுக் குழாயும் தொடர்பான மாற்றங்களில் இதனை மறந்துவிடலாகாது. உத்தரவாதக் காலம் முடியாத காரில், மாற்றத்தால் விளைந்ததாகக் கருதும் பழுதைத் தயாரிப்பாளர் ஏற்கமாட்டார்.

இனிப் பணக்கணக்கு. கடைத் தொகுப்பின் விலை 30,000 ரூபாய் என்று கொள்வோம். ஆறு இலட்சம் ரூபாய்க் கடன், 9 விழுக்காடு வட்டி, 60 மாதம். தவணை 12,455 ரூபாய். ஓராண்டு முடிவில் அந்த 30,000 ரூபாயைத் தொகுப்புக்குச் செலவிடாமல் அசலில் கட்டினால், கடைசி மூன்று தவணைகள் முழுமையாகவும் நான்காவதில் ஒரு பகுதியும் நீங்கும். வட்டியில் ஏறத்தாழ 12,500 ரூபாய் மிஞ்சும். முன்கூட்டிச் செலுத்தக் கட்டணம் இல்லாத கடனாயின் இத்தொகை முழுவதும் உங்களுடையது.

என் பரிந்துரை வருமாறு: கடன் தீராத, உத்தரவாதம் முடியாத காரில் இரண்டும் வேண்டாம், தொழிற்சாலைப் பெட்டியை வைத்துக்கொண்டு, கையேட்டில் குறித்த தூரத்தில் ஃபில்டரை மாற்றி, கிழிந்த ரப்பர் இணைப்புகளைச் சரிசெய்தால் போதும். அதற்கு மேல் ஆவல் இருப்பின் அதே பெட்டிக்குள் பொருந்தும் தரமான ஃபில்டர் ஒன்றை வாங்கலாம். கடனும் உத்தரவாதமும் முடிந்தபின், உங்கள் மாடலுக்கென்றே செய்த, குழாயின் வாய் பழைய உயரத்திலேயே அமைந்த கடைத் தொகுப்பைக் கருதலாம். கைவேலையை நான் இகழவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது போன்ற பந்தயத் தளத்தில் ஓடுவதற்கென்றே வைத்திருக்கும் பழைய காரில், அளந்து, சோதித்து, மீண்டும் செய்து பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு அது நல்ல கல்வி, செலவும் குறைவு. நாள்தோறும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் செல்லும் காரில் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியதில்லை.

எதைப் பொருத்தினாலும், கழற்றிய பழைய பெட்டியைப் பட்டறையில் விட்டுவராதீர்கள். அதன் திருகுகளையும் ரப்பர் வளையங்களையும் ஒரு பையில் போட்டு, பெட்டியோடு சேர்த்து வீட்டில் வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவர் போனட்டைத் திறந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.