என் கடைப் படத்தில் ஒரு ஆளைக் காணோம்

நமது இதழில் ஜி.எஸ்.டி. கணக்கு, எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று கடைக்குப் பயன்படும் விஷயங்களைத்தான் எழுதுவார்கள். நான் போட்டோவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சிக்கு இந்த வயசில என்ன சினிமா ஆசையா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். பள்ளிக்கூடப் படிப்பை முடித்த கையோடு தராசைப் பிடித்தவன் நான். கேமரா பிடித்தவன் அல்ல. ஆனாலும் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்த அனுபவம் நமக்கும் உண்டல்லவா? அதைத்தான் எழுதுகிறேன்.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி விடுவார்கள். அவர்களில் சிலர் மட்டும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நம் பக்கம் வருவார்கள். விடியுமுன் தோவாளைப் பூச்சந்தையில் நிற்பார்கள். வெயில் ஏறியதும் வடசேரி சந்தை, அப்புறம் கோட்டாறு கம்பளம். இவர்களுக்குக் கோபுரமும் கடலும் வேண்டாம். பூ எண்ணுகிற கை, மூட்டை இறக்குகிற முதுகு, கடன் கேட்கிறவர் முகம், இவைதான் வேண்டும். யாரையும் நிறுத்தி வைத்து எடுப்பதில்லை. நடக்கிறதை நடக்கிறபடியே எடுப்பார்கள். தெருப் புகைப்படம் என்று இதற்குப் பெயர்.

2013-ல் அப்படி ஒரு இளைஞர் சென்னையிலிருந்து என் கடைக்கு வந்தார். மரியாதையான பிள்ளை. "நீங்க உங்க வேலையைப் பாருங்க சார், நான் ஓரமா நிக்கிறேன்" என்று சொல்லி இரண்டு மணி நேரம் நின்றார். வத்தல் லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரம். தும்மித் தும்மி எடுத்தார் பாவம். நான்கு மாதம் கழித்துக் கூரியரில் இரண்டடிக்கு மூன்றடி அளவில் ஒரு படம், கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. கிட்டங்கிக் கூரையில் இருக்கும் கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் தூண் மாதிரி இறங்குகிறது. அதில் வத்தல் தூசி மிதக்கிறது. பின்னால் மூட்டை அடுக்கு. நடுவில் நான் பேரேட்டைப் பார்த்துக் கொண்டிருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. கல்லாவுக்கு மேலே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். மெட்ராஸ் அரசாங்கத்துக்காகப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1857, 58-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுற்றியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர். அந்தக் காலத்துக் கேமராவில் வெளிச்சம் பதியவே வெகுநேரம் ஆகும். நடமாடுகிற ஆள் பதியமாட்டார். அதனால் ஜனம் நிறைந்த தெருவும் படத்தில் ஆளில்லாத தெருவாகத் தெரியும். வானமும் வெறுமையாகத்தான் விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவில் தூரிகையால் மேகம் தீட்டினார். போட்டோவைத் திருத்துவது கம்ப்யூட்டர் வந்த பிறகு தொடங்கியது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் நெகட்டிவின் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்வார்கள். என் கல்யாணப் போட்டோவில் என் கன்னத்து அம்மைத் தழும்பைக் காணமுடியாது. வீட்டுக்காரி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

திருத்தவே கூடாது என்றவர்களும் இருந்தார்கள். பிரான்சு நாட்டு ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் சின்னக் கேமராவோடு உலகம் சுற்றியவர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துப் படம் எடுத்திருக்கிறார். அன்று மாலையே காந்தி சுடப்பட்டார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவரும் இவர்தான். எடுத்த படத்தின் ஓரத்தைக்கூட வெட்டக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆனால் 1932-ல் அவர் எடுத்த, தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் படம் ஓரம் வெட்டிய படம்தான். கொள்கை என்றால் அப்படித்தான், ஒரு கடன் பற்று எங்காவது இருக்கும். நம் நாட்டு ரகுபீர் சிங் (1942–1999) கலர் சிலைடு பிலிமில் தெருக்களை எடுத்தார். கேரளம், தமிழ்நாடு பற்றியெல்லாம் புத்தகமே போட்டிருக்கிறார். சிலைடில் டச்சிங்குக்கு இடம் குறைவு. விழுந்தது விழுந்ததுதான்.

இப்போது கதை வேறு. 1990-ல் போட்டோஷாப் வந்தது. இன்று நம் பேரன் கையில் இருக்கும் போனிலேயே விரலால் தடவினால் ஆள் மறைந்து போகிறார்.

இதில் எது சரி, எது தப்பு? நான் மஞ்சள் வியாபாரியாகப் பார்க்கிறேன். மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, உருளையில் போட்டு உருட்டுவார்கள். மேல்தோல் போய் மெருகு வரும். இது தொழில். அதே மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் பூசி மஞ்சள் நிறத்தைக் கூட்டினால் அது கலப்படம், விஷம். நல்லமிளகில் கல்லைப் பொறுக்குவது தொழில். பப்பாளி விதையைச் சேர்ப்பது கலப்படம். படத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். சந்தையில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். அதற்கடியில் எடுத்த படத்தில் மீன் விற்கிற அம்மாள் முகம் நீலமாக விழும். அந்த நீலத்தைக் குறைத்து அவள் நிறத்தை அவளுக்குத் திருப்பித் தருவது நியாயம். இருட்டாக விழுந்ததை வெளிச்சமாக்குவதும், கோணிப்போனதை நேராக்குவதும் அப்படித்தான். அம்மாளின் கூடையில் இல்லாத மீனை வைப்பதும், பக்கத்தில் நின்ற கிழவியை எடுத்துவிடுவதும் வேறு விஷயம்.

செய்தி நிறுவனங்கள் இந்தக் கோட்டைக் கறாராகப் போட்டிருக்கின்றன. 2006-ல் லெபனான் சண்டையின்போது ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்குப் படம் அனுப்பிய ஒருவர், பெய்ரூட் நகரின் மேல் எழும்பிய புகையைக் கம்ப்யூட்டரில் அதிகமாக்கிவிட்டார். விஷயம் வெளியானதும் அவருடைய 920 படங்களையும் அந்நிறுவனம் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு மூட்டையில் கலப்படம் கண்டால் லோடு முழுவதையும் திருப்பி அனுப்புகிறோமே, அதே நீதி. பெரிய பத்திரிகைகளும் தப்பவில்லை. 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில், எகிப்தின் பிரமிடுகள் இரண்டை அட்டைக்குள் அடங்கும்படி ஒன்றோடொன்று நெருக்கி வைத்துவிட்டார்கள்.

அதே பத்திரிகைக்கு நம் நாட்டு மழைக்காலத்தைப் படமெடுத்துப் புகழ் பெற்றவர் ஸ்டீவ் மெக்கரி. 1983-ல் குஜராத்தின் போர்பந்தரில் கழுத்தளவு வெள்ளத்தில் தையல் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்த கிழத் தையல்காரரின் படம் இவர் எடுத்தது. நம்மைப் போன்ற சிறு தொழிலாளி ஒருவரை உலகம் மதித்துப் பார்த்த படம் அது. கோடக்ரோம் பிலிம் தயாரிப்பு 2009-ல் நின்றபோது, கடைசியாகச் செய்த சுருளை இவர் கையில்தான் கொடுத்தார்கள். அப்பேர்ப்பட்டவரின் படம் ஒன்று 2016-ல் இத்தாலியில் கண்காட்சிக்கு வைக்கப்பட்டது. கியூபா நாட்டுத் தெருப் படம். அதில் ஒரு கம்பத்தின் அடிப்பகுதி இடம் மாறி நிற்பதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். தோண்டத் தோண்ட, அவருடைய வேறு சில படங்களிலும் ஆட்களை அழித்திருப்பது தெரிய வந்தது. தம் ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஒருவர் செய்த தவறு என்று அந்தக் கியூபா படத்துக்கு அவர் காரணம் சொன்னார். எடை குறைந்தால் தராசுப் பையன் மேல் பழி போடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம் போலிருக்கிறது. தாம் இப்போது பத்திரிகைப் படக்காரர் அல்ல, படத்தால் கதை சொல்பவர் என்றும் விளக்கம் கொடுத்தார். கதை என்றால் கதை என்று முதலிலேயே லேபிள் ஒட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் வேறு. 2019-ல் என் கிட்டங்கியில் 31 வருஷம் சுமடு எடுத்தவர் இறந்து போனார். என் அப்பா காலத்தில் வேலைக்கு வந்தவர். நான்காம் நாள் அவர் மகள் கடைக்கு வந்தாள்.

"மொதலாளி, எங்க அப்பாக்க போட்டோ ஏதாம் கெடக்கா? வீட்டில ஆதார் கார்டில உள்ளது மட்டுந்தான் இருக்கு. அதில அப்பாக்கே அப்பாவை அடையாளம் தெரியாது. பதினாறுக்குப் பெருசாக்கி வைக்கணும்."

"கெடக்கா என்றா கேட்கிறாய்? இதோ" என்று எழுந்து கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினேன். சென்னைப் பையன் படம் எடுத்த அன்று அவர் மூட்டையோடு என் இடது பக்கம்தான் நின்றார். அந்தத் தம்பி கேமராவைத் தூக்கியதும், "நானும் விழுவேனா மொதலாளி?" என்று அவர் கேட்டதுகூட நினைவிருக்கிறது. இருவரும் படத்தைப் பார்த்தோம். இடது பக்கம் மூட்டை அடுக்கு இருக்கிறது. வெளிச்சம் இருக்கிறது. ஆள் இல்லை. அவர் நின்ற இடத்தில் ஒரே மாதிரி மூட்டை இரண்டு, ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதியது போல அடுக்கியிருந்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தப் படக்காரத் தம்பி மேல். மீதி என் மேலேயே. ஆறு வருஷமாகத் தினமும் அந்தப் படத்துக்கு ஊதுபத்திப் புகை காட்டாத குறையாக உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளாவது எனக்குத் தெரிந்ததா? என்னைத் தவிர வேறு யாரையும் அதில் நான் தேடவில்லை.

கூரியர் உறையில் இருந்த போன் நம்பருக்குப் பேசினேன். தம்பிக்கு முதலில் நினைவில்லை. பிறகு சொன்னார்: "சார், அவர் பாதி அசைஞ்சு, ஓரத்துல இருட்டா விழுந்திருந்தார். பார்வையை இழுத்துச்சு. அதான் கிளீன் பண்ணிட்டேன்."

"தம்பி, எங்களுக்குக் கிளீன் என்றால் கல் பொறுக்குவது. அவர் கல் இல்லை" என்றேன். வேறு பேச்சு வரவில்லை.

நல்ல பிள்ளை என்று முதலில் எழுதினேன் அல்லவா, அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். பழைய ஹார்டு டிஸ்க்குகளை எல்லாம் இறக்கி மூன்று நாள் தேடியிருக்கிறார். கேமராவில் முதலில் பதிந்த மூலத்தை 'ரா' என்பார்கள். புடைக்காத சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைத்துவிட்டது. அதில் நம் ஆள் இருந்தார். ஆனால் தலையில் மூட்டை, முகமெல்லாம் நிழல், கண் தெரியவில்லை. அந்த நிழலை மட்டும் தம்பி கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக் கொடுத்தார். சும்மாட்டுக்குக் கீழே நெற்றி, கண், வெற்றிலைக் கறை படிந்த சிரிப்பு எல்லாம் வெளியே வந்தன. எந்த வித்தையால் ஆள் காணாமல் போனாரோ, அதே வித்தையால் திரும்பி வந்தார்.

இதை நமது சங்க உறுப்பினர்கள் தங்கள் அளவில் கவனித்துக் கொள்ள வேண்டும். கடைக்குக் கேமராவோடு வருகிறவரை விரட்ட வேண்டாம். ஒரு டீயும் கொடுங்கள். ஆனால் படம் அனுப்பும்போது திருத்திய படத்தோடு திருத்தாத மூலத்தையும் அனுப்பச் சொல்லி அவர் போன் நம்பரை வாங்கி வையுங்கள். படம் வந்தால் பின்பக்கம் தேதியையும், அதில் நிற்கிறவர்கள் பெயரையும், சுமடு எடுக்கிறவர் பெயர் உட்பட, எழுதி வையுங்கள். நாமும் இப்போது படம் எடுத்துத்தான் வியாபாரம் செய்கிறோம். என் மகன் ஒருமுறை வத்தல் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சிவப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டான். மார்த்தாண்டத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் படத்தைப் பார்த்து 12 மூட்டைக்கு ஆர்டர் போட்டார். சரக்கைப் பார்த்ததும் 12 மூட்டையையும் அதே வண்டியில் திருப்பி அனுப்பினார். வண்டிக்கூலி இரண்டு பக்கமும் எங்கள் தலையில். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் வாங்குகிறவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்தப் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். பதினான்காம் நாள் படம் கைக்கு வந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "அப்பாதான். சும்மாடு கெட்டினா இப்பிடித்தான் இருக்கும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "மொதலாளி, இந்த மூட்டையை எடுத்துட்டு, ஒரு வெள்ளைச் சட்டை போட்டுத் தரமுடியுமா? மாப்பிள வீட்டுக்காரங்கெல்லாம் வருவாங்க" என்று கேட்டாள்.

தம்பியிடம் அத்தனை நியாயம் பேசியவன் நான். அவளிடம் என்ன சொல்ல? அவள் அப்பா. வீதியில் உள்ள ஸ்டூடியோவுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் ஒரு மணி நேரத்தில் மூட்டையை இறக்கி, சட்டை மாட்டி, பின்னால் நீல வானத்தையும் வைத்துக் கொடுத்தான். பதினாறாம் நாள் அந்த வீட்டில் மாலை போட்டு வைத்திருந்தது அதைத்தான். அவர் தோளில் அவ்வளவு வெளுத்த சட்டையை நான் பார்த்ததே இல்லை. படம் அழகாகத்தான் இருந்தது.

கடையில் பழைய படத்தைக் கழற்றிவிட்டு, மூட்டையோடு அவர் நிற்கிற படத்தை அதே சட்டத்தில் மாட்டியிருக்கிறேன். சரக்கெடுக்க வருகிறவர்கள், "ஓரத்தில நிக்கது யாரு அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். முந்தைய படம் தொங்கிய ஆறு வருஷத்தில் அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை.